தண்ணீரில் நின்ற பந்து கோலா? மழை, காற்று, இடி: தோட்டத் திடலில் காற்பந்து விதிகள் சொல்வது என்ன?

சனிக்கிழமை மாலை. தோட்டத் திடலில் இறுதியாட்டம். மதியம் பெய்த மழையில் கோல் கம்பத்துக்கு முன்னால் குளம்போல் தண்ணீர் தேங்கி நிற்கிறது. முன்னாட்டக்காரர் கோல் காவலரைத் தாண்டிப் பந்தைத் தட்டிவிடுகிறார். காலியான கோலை நோக்கி உருண்ட பந்து, கோட்டின் மேல் தேங்கிய நீரில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று அப்படியே நின்றுவிடுகிறது. பின்னாட்டக்காரர் ஓடி வந்து அதை வெளியே அடித்துவிடுகிறார்.

"தண்ணி இல்லாட்டி உள்ள போயிருக்கும், கோல் கொடு!" என்று ஒரு பக்கம். "தாண்டவே இல்ல!" என்று மறுபக்கம். நடுவரைச் சுற்றி இருபது பேர். அந்த நேரம் பார்த்து செம்பனைக் காட்டுக்கு அப்பால் இடி முழங்குகிறது. யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

பாடாங் செராய், பீடோங், கூலிம், கோலக்கெட்டில், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் தோட்டத்திலோ தாமானிலோ பந்து ஆடியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இப்படிப்பட்ட ஒரு சச்சரவால் பல ஆண்டுகள் பேசாமல் போன அணிகளும் உண்டு. வானிலை ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது, அப்போது விதி என்ன சொல்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிச் சண்டைக்கு வேலையே இருக்காது. இடி விஷயத்தில், தெரிந்து வைத்திருப்பது உயிரையே காக்கும்.

கெடாவின் வானம்

நம் மாநிலத்தின் மழைக்கு ஒரு கணக்கு உண்டு. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரும்பாலும் வறட்சி. திடல் கல்லாய்க் காய்ந்து, புல் பழுத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பருவக்காற்று மாறும்போது மாலை நேர இடிமழை தொடங்கும். தீபாவளியை ஒட்டிய செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். தீபாவளிக் கிண்ணப் போட்டிகள் பலவும் நனைந்தபடியே நடப்பதற்கு இதுதான் காரணம்.

இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். காலை வெயிலில் சூடான தரையிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, மதியத்துக்குள் பெரிய மேகமாகத் திரண்டு, மாலையில் கொட்டுகிறது. நம் ஆட்டங்களும் வேலை முடிந்த பிறகு, மாலை ஐந்து மணிவாக்கில்தான் தொடங்குகின்றன. இடி வரும் நேரமும் நாம் திடலில் இறங்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

ஈரத் திடலில் பந்து

மழை ஒரே திடலில் பந்தை இரண்டு விதமாக நடக்க வைக்கும். புல் மட்டும் நனைந்திருந்தால் உராய்வு குறையும். தரையில் பட்ட பந்து வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு போகும். கோல் காவலர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்து சேரும். கையில் பட்டும் நழுவும். அதனால்தான் ஈரத் திடலில் தரையோடு தரையாக, கோல் காவலருக்குச் சற்று முன்னால் குத்தி எழும்படி அடிக்கச் சொல்கிறார்கள். அவர் பிடிக்கத் தவறிய பந்தைத் தட்டிவிட ஒருவர் பின்னால் ஓட வேண்டும் என்பதும் பழைய பயிற்றுநர்கள் சொல்லும் பாடம்.

தண்ணீர் தேங்கிவிட்டால் கதை தலைகீழ். உருளும் பந்து நீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் சட்டென்று நின்றுவிடும். அப்போது தரைவழிப் பந்து உதவாது. தூக்கித்தான் ஆட வேண்டும்.

விதிப்படி பந்தின் எடை ஆட்டத் தொடக்கத்தில் 410 முதல் 450 கிராம் வரை, சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். "ஆட்டத் தொடக்கத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் காலத் தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். தலையால் முட்டினால் பொறி கலங்கும். இன்றைய செயற்கைப் பந்துகள் அவ்வளவாக நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் தையல் விட்டுப்போன மலிவான பந்து இன்றும் கனக்கவே செய்யும். பந்து பழுதானால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, வேறு பந்தைக் கொண்டு வந்து, அதைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

அந்தக் கோலுக்குத் தீர்ப்பு

முதலில் சொன்ன சச்சரவுக்கு வருவோம். காற்பந்தில் கோல் என்றால், பந்து முழுவதும் கோல் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்குக் கீழே. பந்தின் ஓரம் ஒரு விரலளவு கோட்டின் மேல் இருந்தாலும் கோல் இல்லை. தண்ணீர் தடுத்தது என்பதற்கு விதியில் தனிச் சலுகை கிடையாது. தேங்கிய நீர் திடலின் ஒரு பகுதி. இரு அணிகளும் அதே திடலில்தான் ஆடுகின்றன. ஆகவே அந்தப் பந்து கோல் அல்ல, ஆட்டம் தொடரும்.

ஆனால் காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலியோ, கூடாரத் துணியோ, இன்னொரு பந்தோ குறுக்கே வந்தால் கதை வேறு. அது வெளியிலிருந்து வந்த பொருள். ஆட்டத்துக்கு இடையூறாக இருந்தால் நடுவர் நிறுத்தி, பந்தைக் கீழே போட்டுத் தொடங்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. கோலை நோக்கிப் போகும் பந்தின் மேல் அந்தப் பொருள் பட்டாலும், பின்னாட்டக்காரர் எவரையும் அது தடுக்காமல், பந்து கோலுக்குள் போய்விட்டால் கோல் செல்லும். அந்தப் பொருளை உள்ளே வரவிட்டது தாக்கும் அணியாக இருந்தால் மட்டும் செல்லாது.

பினால்டியில் இந்த விஷயம் இன்னும் சிக்கலாகும். வழக்கமான ஆட்ட நேரத்தில் பினால்டிப் பந்து தண்ணீரில் நின்றால், அது இன்னும் ஆட்டத்தில் உள்ள பந்துதான். வேறு யார் வேண்டுமானாலும் ஓடி வந்து அடிக்கலாம். அடித்தவர் மட்டும், மற்றொருவர் தொடும்வரை மறுபடி தொடக்கூடாது. ஆட்டம் சமநிலையில் முடிந்து, வெற்றியாளரை முடிவு செய்ய அடிக்கும் பினால்டிகளில் அப்படி இல்லை. பந்து நகர்வது நின்றதுமே அந்த உதை முடிந்துவிடுகிறது. சேற்றில் நின்றால் அது தவறிய உதைதான், மறுவாய்ப்பு கிடையாது.

அதனாலேயே எந்தக் கோலில் அந்தப் பினால்டிகளை அடிப்பது என்பது முக்கியமாகிறது. சாதாரணமாக நடுவர் நாணயம் சுண்டி முடிவு செய்வார். திடலின் நிலையோ பாதுகாப்போ காரணமாக இருந்தால், நாணயம் சுண்டாமலே நல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுக்க விதி அவரை அனுமதிக்கிறது. ஒரு பக்கக் கோல் குளமாகிவிட்டது என்றால், அணித் தலைவர்கள் உதைகள் தொடங்குமுன் அதை நடுவரிடம் சொல்லலாம். பாதியில் கோலை மாற்றுவது, பாதுகாப்புக்காகவோ, அந்தக் கோலோ திடலோ பயன்படுத்த முடியாமல் போனாலோதான்.

உலகம் பார்த்த மழை ஆட்டங்கள்

இது தோட்டத் திடலின் தலைவலி மட்டுமல்ல. 1974 உலகக் கிண்ணத்தில், ஜூலை 3ஆம் தேதி பிராங்பர்ட் நகரில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் மோதின. ஆட்டத்துக்கு முன் கொட்டிய மழையில் திடல் மூழ்கியது. தீயணைப்பு வீரர்கள் பம்பு வைத்து நீரை இறைத்தார்கள். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. இறுதிக்குப் போக போலந்துக்கு வெற்றி தேவை. மேற்கு ஜெர்மனிக்குச் சமநிலையே போதும். வேகமாக ஓடிப் பந்தைக் கடத்தும் போலந்து வீரர்களின் பந்து நீரில் நின்று நின்று போனது. கெர்ட் முல்லர் அடித்த ஒரே கோலில் மேற்கு ஜெர்மனி வென்று இறுதிக்குச் சென்றது, கிண்ணத்தையும் வென்றது. ஜெர்மானியர்கள் அந்த ஆட்டத்தை இன்றும் "தண்ணீர்ப் போர்" என்றே சொல்கிறார்கள்.

2012 அக்டோபர் 16ஆம் தேதி வார்சாவில் போலந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடக்க வேண்டிய உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டமும் மழையால் நின்றது. அந்த அரங்கத்துக்கு மூடித் திறக்கும் கூரையே உண்டு. ஆனால் அதைத் திறந்து வைத்திருந்தார்கள். மழை பெய்யத் தொடங்கிய பின் மூட முடியவில்லை. நடுவர் திடலில் இறங்கிப் பந்தை உருட்டிப் பார்த்தார். பந்து நகரவில்லை. ஆட்டம் மறுநாள் நடந்து 1-1 என முடிந்தது.

நம் திடல்களுக்கும் பொருந்தும் சோதனை இதுவே. திடலின் பல இடங்களில் பந்தை இடுப்பளவு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள், உருட்டியும் பாருங்கள். எழும்பாமல், நகராமல் நின்றால் அது ஆட்டத்துக்கு ஏற்ற திடல் அல்ல. முடிவு நடுவருடையது. திடலும் வானிலையும் ஆட்டத்துக்கு ஏற்றவையா என்று தீர்மானிக்கும் உரிமையை விதி அவருக்கே தந்திருக்கிறது.

வெறுங்காலும் காலணியும்

தோட்டத்தில் வெறுங்காலில் பந்து ஆடி வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. காய்ந்த தரையில் வெறுங்கால் தரும் பிடிப்பும் பந்தின் மேல் உள்ள கட்டுப்பாடும் தனி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் பெரும்பாலான வீரர்கள் வெறுங்காலில் ஆடி, பிரான்சிடம் 1-2 என்று மட்டுமே தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் ராமன். இரண்டு பினால்டிகளைத் தவறவிடாமல் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்து 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. அதன் பிறகே இந்தியாவில் காலணி கட்டாயமானது. இன்று காற்பந்து விதியில் காலணி கட்டாய உடுப்பு.

காலணியின் அடியில் உள்ள குமிழ்கள்தான் ஈரத் திடலில் காலைப் பிடித்து நிறுத்துகின்றன. 1954 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், ஜூலை 4ஆம் தேதி பெர்ன் நகரில் மழை பெய்தது. மேற்கு ஜெர்மனி வீரர்கள் கழற்றி மாட்டக்கூடிய குமிழ்கள் வைத்த காலணி அணிந்திருந்தார்கள். மழை கண்டதும் நீளமான குமிழ்களைத் திருகிக்கொண்டார்கள். முதல் சுற்றில் தங்களை 8-3 என்று நொறுக்கிய ஹங்கேரியிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தும் 3-2 என்று வென்றார்கள். காலணி மட்டுமே வெற்றி தந்தது என்று சொல்ல முடியாது. வழுக்கும் திடலில் உதைப்பவரின் ஊன்றுகால் நழுவாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஆட்டம் காட்டியது.

காற்று அடித்த கோல்

2013 நவம்பர் 2ஆம் தேதி இங்கிலாந்தின் ஸ்டோக் அணியின் கோல் காவலர் அஸ்மிர் பெகோவிச், சவுத்தாம்டன் அணிக்கு எதிராகத் தன் கோலுக்கு அருகிலிருந்து பந்தை நீட்டி அடித்தார். காற்று அதைத் தூக்கிச் சென்றது. எதிர்க் கோல் காவலருக்கு முன்னால் குத்தி, அவர் தலைக்கு மேல் எழும்பி உள்ளே போனது. ஆட்டம் தொடங்கி 13 விநாடிகளே ஆகியிருந்தன, தூரம் 91.9 மீட்டர். 2021 ஜனவரியில் நியூபோர்ட் அணியின் கோல் காவலர் டாம் கிங் கோல் கிக்கிலிருந்தே 96.01 மீட்டர் தூரத்தில் கோல் அடித்து அந்தச் சாதனையை முறியடித்தார்.

இரண்டும் செல்லுபடியான கோல்கள். காற்று உதவியது என்பதற்காக எந்தக் கோலையும் கழிக்க விதியில் இடமில்லை. ஆனால் எந்த வகை உதையிலிருந்து பந்து நேராகப் போனது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். காற்றடிக்கும் நாளில் இதை நினைவில் வைப்பது நல்லது.

கோல் கிக், கார்னர், ஆட்டத் தொடக்க உதை, நேரடி ஃபிரி கிக் ஆகியவற்றிலிருந்து எதிரணியின் கோலுக்குள் பந்து நேராகப் போனால் கோல்.

மறைமுக ஃபிரி கிக்கிலிருந்து வேறு யாரும் தொடாமல் எதிரணி கோலுக்குள் போனால் கோல் இல்லை. எதிரணிக்குக் கோல் கிக். கோட்டுக்கு வெளியே நின்று கையால் எறியும் பந்துக்கும் இதே முடிவுதான். கோல் காவலர் கையால் எறிந்த பந்து காற்றில் போய் நேராக எதிர்க் கோலில் விழுந்தாலும் கோல் இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. பலத்த எதிர்க்காற்றில் நீங்கள் அடித்த கோல் கிக்கோ ஃபிரி கிக்கோ யாரும் தொடாமல் திரும்பி உங்கள் சொந்தக் கோலுக்குள்ளேயே போய்விட்டால் அது சொந்தக் கோல் ஆகாது. எதிரணிக்குக் கார்னர்தான். கையால் எறியும் பந்துக்கும் அப்படியே. ஆனால் வழியில் உங்கள் அணிக்காரர் ஒருவர் மேல் பட்டுப் போனால் கோல் கோல்தான்.

காற்றின் அநீதியைச் சமன்செய்ய விதி வைத்திருக்கும் வழி எளிது: பாதி நேரத்தில் பக்கம் மாறுவது. நாணயச் சுண்டலில் வென்றவர், எந்தக் கோலை நோக்கித் தாக்குவது என்றோ, தொடக்க உதை தனக்கு வேண்டும் என்றோ தேர்ந்தெடுக்கலாம். காற்றும் மாலை வெயிலும் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவரே நல்ல தலைவர். மாலையில் மழை வரும் அறிகுறி இருந்தால், திடல் காய்ந்திருக்கும் முதல் பாதியிலேயே காற்றைத் துணையாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆயர் ஈத்தாம் மண்ணின் உதை

காற்று வீசாத நாளிலும் பந்தை வளைப்பது காற்றுதான். அதற்கு உலகப் புகழ் பெற்ற சான்று நம் மாநிலத்துக்காரர் ஒருவருடையது. கெடாவின் ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த முகமட் ஃபாயிஸ் சுப்ரி, 2016 பிப்ரவரி 16ஆம் தேதி பினாங்கு அணிக்காகப் பகாங்குக்கு எதிராக அடித்த ஃபிரி கிக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் போவதுபோல் கிளம்பிய பந்து நடுவானில் மறுபக்கம் திரும்பி வலைக்குள் போனது. ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது 2017 ஜனவரியில் அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்.

சுழற்சியோடு அடித்த பந்து, சுழலும் பக்கம் பார்த்து ஒழுங்காக வளையும். சுழற்சி மிகக் குறைவாக அடித்தால், பந்தின் பின்னால் உண்டாகும் காற்றுச் சுழல்கள் ஒழுங்கில்லாமல் மாறி மாறி இழுக்கும். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கோல் காவலரால் கணிக்க முடியாது. நனைந்து சேறு ஒட்டிய பந்தில் இந்த வித்தை எளிதில் அமையாது.

வெயிலும் பந்தும்

2016 ஏப்ரலில் எல் நினோ வெப்பத்தால் கெடாவிலும் பெர்லிஸிலும் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, பக்கத்து மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9இல் பதிவான 40.1 பாகை செல்சியஸ்.

வெயிலுக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாமா? போட்டி விதிகள் அனுமதித்தால் நிறுத்தலாம். தண்ணீர் குடிக்கும் இடைவேளை ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. உடலைக் குளிர்விக்கும் இடைவேளை 90 விநாடி முதல் 3 நிமிடம் வரை. அந்த நேரத்தைப் பாதியின் முடிவில் நடுவர் கூட்டித் தர வேண்டும்.

வெப்பநிலை பந்தின் காற்றழுத்தத்தையும் மாற்றும். 32 பாகையில் சுமார் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிரப்பிய பந்து, மழைக்குப் பிறகு 22 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 0.9 பிஎஸ்ஐ இறங்கும். பந்து மெத்தென்று ஆகி, எழும்புவது குறையும். மழை நின்று ஆட்டம் தொடங்கும்போது பந்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துக் காற்றடைப்பது வீண் வேலை அல்ல.

அமெரிக்கக் காற்பந்தில்

தொலைக்காட்சியில் அமெரிக்கக் காற்பந்து பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு சிறு ஒப்பீடு. அங்கே முட்டை வடிவப் பந்தை இரு செங்குத்துக் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே உதைத்தால் 3 புள்ளிகள். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6. அதன் பிறகு ஓர் உதையில் இன்னொரு புள்ளி, அல்லது உதைக்காமல் மறுபடி உள்ளே கொண்டு சேர்த்தால் இரண்டு.

காற்றடிக்கும் நாளில் உதைக்க அஞ்சி அந்த இரண்டு புள்ளிக்கு முயல்வது உண்டு. 2021 டிசம்பர் 6ஆம் தேதி பஃபலோ நகரின் பெருங்காற்றில் நியூ இங்கிலாந்து அணி ஆட்டம் முழுவதிலும் மூன்றே முறைதான் பந்தை எறிந்தது, மற்றதெல்லாம் ஓட்டம். 14-10 என வென்றது. அங்கே நான்கு கால்பகுதிகள். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் பக்கம் மாறுவதால் காற்று இரு அணிக்கும் பங்காகிறது.

காற்றுக்கென்றே அமைந்ததுபோல் ஒரு விதியும் அங்கே உண்டு. கம்பங்களைத் தாண்டிய பந்து, தரையிலோ வேறு எதிலுமோ படாமல் காற்றால் தள்ளப்பட்டு அதே வழியே திரும்பி வந்துவிட்டால் புள்ளி இல்லை. நம் காற்பந்தில் அப்படி அல்ல. பந்து முழுவதும் ஒரு கணம் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும். அதன் பிறகு காற்றோ தண்ணீரோ அதை வெளியே கொண்டு வந்தாலும் கோல் கோல்தான்.

பாதியில் நின்றால் யாருக்கு வெற்றி?

கிரிக்கெட்டில் மழை வந்தால் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையில் இலக்கைத் திருத்திக் கணக்கிடுகிறார்கள். காற்பந்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. 70ஆம் நிமிடத்தில் 2-0 என்று முன்னிலையில் இருந்தாலும் நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டால் அந்த முன்னிலை தானாக வெற்றியாகாது. பொது விதி சொல்வது இதுதான்: கைவிடப்பட்ட ஆட்டம் மறுபடி முழுவதும் ஆடப்பட வேண்டும், போட்டியின் விதிகளோ ஏற்பாட்டாளர்களோ வேறு விதமாக முடிவு செய்தால் தவிர.

அந்த "தவிர" என்ற சொல்லில்தான் நம் ஊர்ச் சண்டை முழுவதும் இருக்கிறது. உலகக் கிண்ணப் போட்டிகளில், நின்ற நிமிடத்திலிருந்து அதே கோல் கணக்கோடு தொடர்வார்கள். தோட்டப் போட்டிகளில் பெரும்பாலும் எதுவும் எழுதி வைப்பதில்லை. மழை வந்த பிறகு, கிண்ணம் யாருக்கு என்று மேசையைச் சுற்றி நின்று பேசும்போது, எந்த முடிவு சொன்னாலும் ஒரு தரப்புக்கு அது ஓரவஞ்சனையாகவே தெரியும். குலுக்கலுக்கு முன்பே எழுதிப் படித்துக் காட்டிவிட்டால் அந்தப் பேச்சு எழாது.

இடி கேட்டால் ஆட்டம் இல்லை

இதுவரை சொன்னது கோல் கணக்கு. இனி சொல்வது உயிர்க் கணக்கு.

உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. 2016 ஏப்ரலில் மலாக்காவில் பயிற்சியின்போது மின்னல் தாக்கிய மலாக்கா யுனைடெட் அணியின் 18 வயது வீரர் ஸ்டெஃபான் பெட்ரோவ்ஸ்கி, சில வாரங்கள் மருத்துவமனையில் போராடி மே மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பண்டுங்கில் ஆட்டத்தின் நடுவே ஒரு வீரர் மின்னலுக்குப் பலியானார். அதே ஆண்டு நவம்பரில் பெருவிலும் அப்படி நடந்தது. அங்கே நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்கள் திடலை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மின்னல் இறங்கியது. நிறுத்தினார்கள், ஆனால் தாமதமாகிவிட்டது.

திறந்த திடலில் உயரமாக நிற்பது மனிதன்தான். மழை பெய்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திடலில் இறங்கக்கூடாது. நடுவில் ஒரு இடி கேட்டாலும் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து.

ஒதுங்குவது எங்கே என்பது அதைவிட முக்கியம். திடலோரத்து மரத்தடி வேண்டாம். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் பாயும். கூடாரம், பக்கச் சுவர் இல்லாத கொட்டகை, கோல் கம்பம், கம்பி வேலி எதுவும் பாதுகாப்பு அல்ல. சுவரும் கூரையும் உள்ள மண்டபம், பள்ளிக் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், வேன், பேருந்து ஆகியவையே சரியான இடம். மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போவதும் ஆபத்து.

யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால் தொட அஞ்ச வேண்டாம். அவர் உடலில் மின்சாரம் தங்கி இருக்காது. 999க்கு அழைத்துவிட்டு, மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். அந்த முதல் சில நிமிடங்களே அவரைக் காப்பாற்றக்கூடும்.

ஏற்பாட்டாளர்கள் எழுதி வைக்க வேண்டியவை

அடுத்த போட்டிக்கு அணிகளை அழைக்கும்போது, கட்டணத்தையும் பரிசையும் எழுதும் அதே தாளில் இவற்றையும் எழுதுங்கள்.

ஒன்று, ஆட்டம் பாதியில் நின்றால் அதே கணக்கோடு தொடர்வதா, புதிதாக ஆடுவதா, எத்தனை நிமிடம் ஆடியிருந்தால் முடிவு செல்லும் என்பது.

இரண்டு, எவ்வளவு நேரம் காத்திருப்பது, மாற்று நாள் எது என்பது. கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் சனிக்கிழமை இறுதியாட்டம் வைத்தால் மறுநாள் வேலை நாள். வெள்ளிக்கிழமை வைத்தால் ஒரு நாள் கையில் இருக்கும்.

மூன்று, பினால்டி எந்தக் கோலில் என்பதைத் திடலைப் பார்த்து நடுவர் முடிவு செய்வார் என்பது.

நான்கு, இடி கேட்டால் நிறுத்தும் பொறுப்பு யாருக்கு, அனைவரும் எங்கே ஒதுங்குவது என்பது. நடுவர் விளையாட்டில் கவனமாக இருப்பார். வானத்தைப் பார்க்கவும், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில் இடிமழை எச்சரிக்கை பார்க்கவும் தனியாக ஒருவரை நியமியுங்கள்.

ஐந்து, நடுவரின் அந்த முடிவை எந்த அணியும் எதிர்த்துப் பேசக்கூடாது என்பது.

தண்ணீரில் நின்ற பந்தைப் பற்றி அடுத்த வாரம் தேநீர்க் கடையில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ளலாம். அந்தப் பேச்சுக்கு அன்று ஆடிய இருபத்திரண்டு பேரும் வந்து உட்கார வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.